ஹார்ட்விக் பெஸ்: நான்கு கணவர்கள், ஆறு பிள்ளைகள், ஒரு பேத்தி

சுவடிக்கட்டு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். டியூடர் காலத்து இங்கிலாந்தைப் பற்றி எழுதுபவர்கள், ஹார்ட்விக் பெஸ் என்று வரலாற்றில் பெயர்பெற்ற ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத்தைப் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். நான்கு முறை மணந்தார், ஒவ்வொரு கணவரும் முந்தையவரைவிடச் செல்வர், ஒவ்வொருவர் இறந்தபோதும் சொத்து இவர் கைக்கு வந்தது என்பதே அந்த வாக்கியம். இந்தத் தீர்ப்பு எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் கணக்குப் பார்த்தே வாழ்ந்தார் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. அந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார் என்பதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பெஸ் 1527ஐ ஒட்டி டார்பிஷயரில் பிறந்தார். தந்தை ஜான் ஹார்ட்விக், அரசவைப் பக்கம் தலைகாட்டாத ஒரு நாட்டுப்புற நிலக்கிழார். 1528 சனவரியில் அவர் இறந்தபோது ஆண் வாரிசான ஜேம்ஸ் சிறுகுழந்தை, பெஸ் கைக்குழந்தை. அரசருக்குப் படைக்கடமை செய்வதாக ஒப்புக்கொண்டு நிலம் வைத்திருப்பவர் இறந்து, வாரிசும் சிறுவனாக இருந்தால், அவனுக்கு 21 வயது ஆகும்வரை நிலத்தின் வருமானமும், அவனுக்கு யாரைக் கட்டிவைப்பது என்று முடிவுசெய்யும் உரிமையும் அரசருக்கே சேரும் என்பது அன்றைய சட்டம். இதையே இங்கே காப்புரிமை என்கிறேன். அரசர் அந்த உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது அரிது. பணம் கொடுப்பவருக்கு விற்றுவிடுவார். வாங்கியவர், தகப்பன் இல்லாத பிள்ளையின் வயலில் விளைந்ததை எடுத்துக்கொண்டு, தமக்கு ஆதாயமான இடத்தில் அவனுக்குத் திருமணத்தையும் முடித்துவைப்பார். இதைத் தவிர்க்கவே ஜான் ஹார்ட்விக் நிலத்தை நம்பிக்கையானவர்கள் பெயரில் எழுதிவைத்துப் பார்த்தார், அது பலிக்கவில்லை. தாய் எலிசபெத் லீக், ரால்ஃப் லீச் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்த மாற்றாந்தந்தையோ கடனில் மூழ்கிச் சிறைக்குப் போனவர். பெண்பிள்ளைகளுக்குத் தந்தை எழுதிவைத்திருந்த சீதனம் தலைக்கு 40 மார்க், அதாவது 27 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு.

பெஸ்ஸின் முதல் திருமணம் 1543ஐ ஒட்டி நடந்தது. மாப்பிள்ளை ராபர்ட் பார்லி பக்கத்துக் குடும்பத்துப் பையன், பெஸ்ஸைவிட இளையவன். அதே ஆண்டில் அவனுடைய தந்தையும் இறந்துவிட, அவனும் காப்புரிமையின் கீழ் போனான். 1544 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ராபர்ட்டும் இறந்தான். பதினேழு வயதை ஒட்டிய கைம்பெண்ணுக்குச் சேரவேண்டிய மூன்றில் ஒரு பங்கை, ராபர்ட்டின் தம்பி ஜார்ஜின் காப்பாளர் கொடுக்க மறுத்தார். பெஸ் வழக்குத் தொடுத்தார். விட்டுக்கொடுக்காமல் நடத்தி வென்றார். வென்ற தொகை சிறியது. ஆனால் ஆண்டவர் எடுத்துக்கொண்டதையும் மனிதர்கள் எடுத்துக்கொண்டதையும் பிரித்துப் பார்க்க அந்தப் பெண் அப்போதே கற்றுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் வரும் மூன்று திருமணங்களையும் இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வழக்காடி:

சுவடிக்கட்டு அவர்கள் தொடங்கியிருக்கும் இடம் சரியானது. சொத்து வழக்குகளில் பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சட்டப் பின்னணியைக் கொஞ்சம் விரிக்க அனுமதியுங்கள், ஏனெனில் அதை விட்டுவிட்டால் இந்தப் பெண்மணியின் வாழ்க்கை வெறும் பேராசைக் கதையாகிவிடும்.

இங்கிலாந்தின் அன்றைய பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனியான ஆள்நிலை கிடையாது. அவளுடைய பணம், நகை, தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தும் கணவனுடையவை. அவளுடைய நிலத்தை நிர்வகிப்பவனும் அவனே. அவன் ஒப்புதல் இல்லாமல் அவள் உயில்கூட எழுத முடியாது. கைம்பெண்ணான நாளிலிருந்துதான் அவள் தன் பெயரில் வாங்கவும் விற்கவும் வழக்காடவும் முடியும். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையும் அப்போதுதான் கைக்கு வருகிறது. ஒவ்வொரு கணவரின் இறப்பிலும் பெஸ் உயர்ந்தார் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேறு எந்த நேரத்திலும் ஒரு பெண் உயர்வதற்கு அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

இரண்டாம் கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ், மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை அரசுக்குச் சேர்த்த பணியில் இருந்தவர்; பிறகு அரச கருவூலப் பொறுப்பில் உயர்ந்தவர். தெற்கே தமக்கிருந்த நிலங்களை அவர் விற்றுவிட்டு மனைவியின் சொந்த மாவட்டமான டார்பிஷயருக்கு வந்து, 1549இல் சாட்ஸ்வொர்த்தை 600 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கிய நிலங்கள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாயின. இது வெறும் அன்புச் செயல் அன்று. ஒருவர் இறந்தால் மற்றவர் உயிருள்ளவரை நிலத்தைக் கைவிடாமல் வைத்திருக்கலாம். மூத்த மகன் சிறுவனாக இருந்தாலும் காப்புரிமையை விலைக்கு வாங்கியவருக்கு அனுபவிக்க அதிகம் மிஞ்சாது. ஹார்ட்விக்கில் நடந்தது சாட்ஸ்வொர்த்தில் நடக்கக் கூடாது என்று ஒரு பெண் உட்கார்ந்து யோசித்த தடம் இதில் எனக்குத் தெரிகிறது.

அது உண்மையிலேயே கைகொடுத்தது. 1557இல் கேவண்டிஷின் கருவூலக் கணக்கில் 5,000 பவுண்டுக்கு மேல் துண்டு விழுவதாகத் தணிக்கை கண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று அவர் இறந்துபோனார். முப்பது வயதுப் பெண், ஆறு பிள்ளைகள், தலைக்கு மேல் அரசுக் கடன். கடனாளிகளின் நிலத்தைப் பறிக்க வழிசெய்யும் மசோதா ஒன்று 1558இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது பெஸ் லண்டனுக்கு விரைந்து, தெரிந்தவர்களையெல்லாம் பார்த்துப் பேசி அதைத் தடுக்க முயன்றார். நிலம் தப்பியது.

நெய்தல்நிலா:

இருவரும் எழுதியதை மதிப்புடன் வாசித்தேன். சட்டம் கொடியது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பெஸ்ஸை நீங்கள் எப்போதும் பதினேழு வயதுக் கைம்பெண்ணாகவே வைத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அவருக்கு நாற்பது வயது ஆனது, அதிகாரம் வந்தது, அந்த அதிகாரத்தை அவர் யார்மீது செலுத்தினார் என்பதையும் பேச வேண்டும்.

1568 பிப்ரவரி 9ஆம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பெஸ், ஷ்ரூஸ்பரியின் ஆறாம் பிரபு ஜார்ஜ் டால்பட்டை நான்காவதாக மணந்திருந்தார். அன்றைய நாளில் ஷெஃபீல்டில் இரண்டு திருமணங்கள் ஒன்றாக நடந்தன. பெஸ்ஸின் மகள் மேரி கேவண்டிஷுக்கும் பிரபுவின் மகன் கில்பர்ட் டால்பட்டுக்கும் ஒன்று. பெஸ்ஸின் மூத்த மகன் ஹென்றிக்கும் பிரபுவின் மகள் கிரேஸுக்கும் மற்றொன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதால் நாம் இதை எளிதாகக் கடந்துவிடுகிறோம். மேரிக்கு வயது 12. கிரேஸுக்கு வயது 8. ராபர்ட் பார்லி என்ற சிறுவனுக்குத் தம்மைக் கட்டிவைத்ததன் வலியை அறிந்த ஒரு தாய், எட்டு வயதுக் குழந்தையைத் தம் பதினேழு வயது மகனுக்குக் கட்டிவைத்தார். இரண்டு குடும்பங்களின் நிலமும் ஒன்றாக இறுகட்டும் என்பதே நோக்கம். கற்ற பாடத்தை அவர் பிள்ளைகள்மேல் அப்படியே திருப்பினார் என்றுதானே இதற்குப் பொருள்?

முல்லைத்திணை:

இந்த உரையாடலைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். சட்டமும் நிலமும் பேசப்படுகின்றன, நல்லது. ஆனால் இந்த நான்கு திருமணங்களில் எங்காவது அன்பு இருந்ததா? அதற்கு ஏதாவது சான்று உண்டா? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுவடிக்கட்டு:

உண்டு அம்மா, எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே உண்டு.

கேவண்டிஷ் தம் குடும்ப நிகழ்வுகளைத் தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1547 ஆகஸ்டு 20 அன்று, லெஸ்டர்ஷயரில் கிரே குடும்பத்தாரின் பிராட்கேட் மாளிகையில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பெஸ்ஸை மணந்ததாக அதில் குறித்திருக்கிறார். அவருக்கு அது மூன்றாம் திருமணம். பெஸ்ஸைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். பத்து ஆண்டுகளில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. பிறந்த நேரம், ஞானப் பெற்றோர் பெயர் என்று ஒவ்வொரு பிறப்பையும் அவர் எழுதினார். டெம்பரன்ஸ், லுக்ரீஷியா என்ற இரு பெண்குழந்தைகள் தங்கவில்லை. பிரான்சஸ், ஹென்றி, வில்லியம், சார்லஸ், எலிசபெத், மேரி ஆகிய அறுவர் வளர்ந்தனர். அந்த ஞானப் பெற்றோர் பட்டியலைப் படித்தால் அக்கால அரசியலே கண்முன் நகர்கிறது. 1550இல் பிறந்த ஹென்றிக்கு ஞானத்தாய், பின்னாளில் அரசியான இளவரசி எலிசபெத். 1553 நவம்பரில் பிறந்த சார்லஸுக்கு ஞானத்தாய் கத்தோலிக்க அரசி மேரி. ஞானத்தந்தையருள் ஒருவர் ஜேன் கிரேயின் தகப்பனார் ஹென்றி கிரே. மகளை அரியணையில் ஏற்ற முயன்றவரும் அந்த அரியணையை மீட்டுக்கொண்டவரும் ஒரே குழந்தையின் தொட்டிலருகில் பெயர் பெற்றார்கள்; மூன்று மாதம் கழித்து ஹென்றி கிரேயின் தலை வெட்டப்பட்டது. இப்படி எல்லாப் பக்கத்தாரையும் அழைத்தது கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு. அதே வேளையில், குழந்தை பிறந்த நேரத்தைக்கூட விடாமல் எழுதிய மனிதர் குடும்பத்தைச் சுமையாக நினைத்தவர் அல்லர்.

மூன்றாம் கணவர் சர் வில்லியம் செயின்ட் லோ, எலிசபெத் அரசியின் மெய்க்காவல் தலைவர். 1559இல் நடந்த இந்தத் திருமணத்தில் அவர் அரசவையிலும் பெஸ் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்திலும் இருந்தார்கள். அவர் எழுதிய கடிதங்கள் சில எஞ்சியிருக்கின்றன. மனைவியைப் பிரிந்திருக்க முடியாத நடுவயது மனிதரின் ஏக்கமும், அவருடைய கட்டட வேலையைச் சீண்டும் செல்லமும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. கேவண்டிஷ் விட்டுச்சென்ற அரசுக் கடனை 1,000 பவுண்டில் தீர்த்துவைத்ததும் இவர் காலத்தில்தான். முன்னவரின் கடனையும் முன்னவரின் ஆறு பிள்ளைகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட ஒருவரை நான் வேறு எப்படி மதிப்பிடுவது?

ஷ்ரூஸ்பரி பிரபுவும் தொடக்க ஆண்டுகளில் கொஞ்சும் மொழியில்தான் எழுதினார். அந்தக் கடிதங்களை வாசித்துவிட்டு, பதினைந்து ஆண்டு கழித்து அவர் எழுதியவற்றை வாசிப்பது மனத்துக்குக் கடினமான காரியம்.

நெய்தல்நிலா:

செயின்ட் லோவின் அன்பை நான் மறுக்கவில்லை. அந்த அன்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அவருக்கு முந்தைய மனைவி வழியில் இரண்டு பெண்மக்கள் இருந்தார்கள். எட்வர்ட் என்ற தம்பியும் இருந்தார். 1565இல் செயின்ட் லோ திடீரென இறந்தபோது சொத்து முழுவதும் உயில்படி பெஸ்ஸுக்கே வந்தது. தம்பி எட்வர்ட் நல்லவர் அல்லர். அவர் நஞ்சு வைக்க முயன்றார் என்று குடும்பத்துக்குள்ளேயே ஐயம் இருந்தது. ஆனாலும் சொந்த மகள்கள் வெறுங்கையோடு நின்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்காக நீதிமன்றம் ஏறிய பெண்ணுக்கு அந்த மகள்களின் நிலை புரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்கிறேன், என் முறையீட்டின் மையமே அதுதான். 1561 ஆகஸ்டில் அரசி கிழக்கு மாவட்டங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது, இப்ஸ்விச்சில் ஜேன் கிரேயின் தங்கை கேத்தரின் கிரே ஓர் இரவு பெஸ்ஸிடம் வந்து, ஹெர்ட்ஃபர்ட் பிரபுவை மறைவாக மணந்துவிட்டதையும் தாம் கருவுற்றிருப்பதையும் சொன்னார். பெஸ் அழுதுவிட்டார் என்று பின்னர் நடந்த விசாரணையில் பதிவாகியுள்ளது. அரச இரத்தம் உள்ள பெண் அரசியின் ஒப்புதலின்றி மணந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கேத்தரின் சிறைவைக்கப்பட்டார்; கணவரிடமிருந்து பிரிக்கப்பட்டார்; 1568இல் காவலிலேயே இறந்தார்.

இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்த பெஸ், 1574இல் என்ன செய்தார்? எட்டாம் ஹென்றியின் தமக்கை மகளான லெனக்ஸ் சீமாட்டி மார்கரெட் டக்ளஸ், தம் இளைய மகன் சார்லஸ் ஸ்டூவர்ட்டுடன் வடக்கே பயணம் வந்தபோது, நாட்டிங்ஹாம்ஷயரின் ரஃபர்ட் மாளிகையில் அவர்களை வரவேற்றார். அங்கே சார்லஸின் உடல்நலம் குன்றியது. பெஸ்ஸின் மகள் எலிசபெத் அருகிலிருந்து கவனித்தாள். சில நாட்களிலேயே இருவருக்கும் திருமணம் நடந்துமுடிந்தது. அரசியிடம் யாரும் கேட்கவில்லை. ஷ்ரூஸ்பரி பிரபு, தமக்கு எதுவும் தெரியாது என்று அரசவைக்கு எழுதவேண்டியதாயிற்று. லெனக்ஸ் சீமாட்டி லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். பெஸ் தப்பினார். கேத்தரினுக்காக அழுத அதே கண்கள் பதின்மூன்று ஆண்டு கழித்துத் தம் மகளுக்கு அதே பாதையைத் தேர்ந்தெடுத்ததை எந்தச் சட்டமும் விளக்காது.

வழக்காடி:

நெய்தல்நிலா அவர்களே, ரஃபர்ட் திருமணத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது பேராசை; அதுவும் மகளைப் பணயம் வைத்த பேராசை. 1568இன் இரட்டைத் திருமணத்தைப் பொறுத்தவரை ஒரு விளக்கம் மட்டும் சேர்க்கிறேன். அந்த ஏற்பாடு பெஸ் ஒருவருடையது அன்று. ஷ்ரூஸ்பரி பிரபுவும் இதே அளவு விரும்பிச் செய்ததுதான். அவருடைய குலத்தில் அது புதிய வழக்கமும் அன்று. பழியை இரு சம்பந்திகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்தில் சம்பந்திகளே கணவன் மனைவியாகவும் இருந்தார்கள்.

நான்காம் திருமணம் முறிந்ததைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மணமாகி ஓராண்டு சற்று கடந்த நிலையில், 1569 தொடக்கத்தில், ஸ்காட்லாந்து அரசி மேரியைக் காவலில் வைத்திருக்கும் பொறுப்பை எலிசபெத் இந்தப் பிரபுவிடம் ஒப்படைத்தார். தற்காலிகம் என்று எண்ணி ஏற்ற சுமை 1584வரை, பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. டட்பரி, விங்ஃபீல்ட், சாட்ஸ்வொர்த், ஷெஃபீல்ட் என்று வீடு வீடாக மாற்றி, ஒரு பதவியிழந்த அரசியையும் அவருடைய பரிவாரத்தையும் பராமரிக்க வேண்டும். அதற்கு அரசு வாரத்துக்கு 52 பவுண்டு என்று வகுத்தது. 1575இல் அதையும் 30 பவுண்டாகக் குறைத்தது. மேலதிகச் செலவெல்லாம் பிரபுவின் கைக்காசு. அரசியின் ஆணையின்றி அவர் வீட்டை விட்டு நகரவும் முடியாது. தொடக்கத்தில் பெஸ்ஸும் மேரியும் ஒன்றாக உட்கார்ந்து பூத்தையல் செய்தார்கள். அந்தத் துணிகள் இன்றும் இருக்கின்றன. நாளாக ஆக அந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவரை வேவு பார்க்கும் நிலை வந்தது.

இதற்கிடையில் 1572இல் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. பெஸ் வழியாக வந்த நிலங்களைப் பிரபு, பெஸ்ஸின் இளைய மகன்களான வில்லியம், சார்லஸ் இருவருக்கும் எழுதிக்கொடுத்தார்; பெஸ் உயிருள்ளவரை அனுபவ உரிமை அவருக்கு. பதிலுக்கு, பெஸ்ஸின் பிள்ளைகள் தொடர்பாகப் பிரபு ஏற்றிருந்த கடன் பொறுப்புகள் நீங்கின. பிரபுவின் கையில் பணம் தாராளமாக இருந்த வரையில் இந்தப் பத்திரம் யாரையும் உறுத்தவில்லை. பணம் வற்றியதும் அது செல்லாது என்று சொல்லத் தொடங்கினார். வாடகைதாரர்களிடம் பணத்தைத் தமக்கே கொடுக்கச் சொல்லி மிரட்டல், எதிர்மிரட்டல் என்று போய், 1584 கோடையில் பிரபு ஆயுதம் ஏந்திய ஆட்களோடு சாட்ஸ்வொர்த் வாசலுக்கே வந்துவிட்டார். வில்லியம் கேவண்டிஷ் உள்ளே விடாமல் மறித்து நின்றார். அரசி அமைத்த விசாரணைக் குழு பத்திரத்தை ஏற்றுப் பெஸ்ஸின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தில் இருந்ததே வென்றது. பார்லி வழக்கிலிருந்து நாற்பது ஆண்டுகள் அவர் நம்பியதும் எழுத்தைத்தான்.

முல்லைத்திணை:

இவ்வளவு விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. ஷ்ரூஸ்பரி பிரபுவின்மேல் எனக்கு இரக்கம் பிறக்கிறது. அவர் கொடுமைக்காரரா, நோயாளியா, அல்லது அரசி போட்ட சுமையில் நொறுங்கியவரா?

சுவடிக்கட்டு:

மூன்றுமே என்று சொல்வேன். மூட்டுவாதம் அவரை வாட்டியது. கடன் வாட்டியது. கைதியான மேரிக்கும் அவருக்கும் தவறான உறவு என்ற வதந்தி கிளம்பி, அது பெஸ்ஸும் மகன்களும் பரப்பியது என்று மேரி குற்றம்சாட்ட, அவர்கள் அதை ஆணையிட்டு மறுக்கவேண்டிவந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ வேண்டும் என்று அரசியே வற்புறுத்தியும் ஒத்துவரவில்லை. லிச்ஃபீல்ட் ஆயர் பிரபுவுக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு: சீமாட்டி கடுகடுப்பானவர் என்று சிலர் சொல்லக்கூடும், ஆனால் அதைக் காரணம் காட்டிப் பிரியலாம் என்றால் இங்கிலாந்தில் மனைவியோடு வாழும் ஆண்கள் மிகச் சிலரே இருப்பார்கள் என்ற பொருளில் அவர் அறிவுரை சொன்னார். பயனில்லை. பிரபுவின் கடைசி ஆண்டுகள் எலினர் பிரிட்டன் என்ற பெண்ணின் துணையோடு கழிந்தன; 1590 நவம்பர் 18 அன்று இறந்தார்.

இந்தச் சண்டையில் பிள்ளைகள் பிளவுபட்டதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பிரபுவின் மகன் கில்பர்ட் தகப்பனை விட்டு மாமியாரான பெஸ்ஸின் பக்கம் நின்றார். பெஸ்ஸின் தலைமகன் ஹென்றி தாயை விட்டு மாமனார் பக்கம் போனார். ஒன்றாக இறுக்குவதற்காகச் செய்த இரட்டைத் திருமணம் இரண்டு குடும்பங்களையும் குறுக்காகக் கிழித்தது.

நெய்தல்நிலா:

அந்த ஹென்றிக்கும் கிரேஸுக்கும் குழந்தை இல்லை. எட்டு வயதில் மணமேடை ஏறிய கிரேஸ் மகிழ்ச்சியற்ற ஒரு வீட்டில் வாழ்ந்தார்; ஹென்றிக்கோ வெளியே முறைதவறிப் பிறந்த பிள்ளைகள். சாட்ஸ்வொர்த் ஹென்றிக்குப் போகும்படி முன்பே எழுதப்பட்டிருந்ததால் பெஸ்ஸால் அதை மாற்ற முடியவில்லை. அவர் தம் பிறந்த வீடான ஹார்ட்விக்கின் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். தம்பிபோல் தோள்கொடுத்து வளர்த்த அண்ணன் ஜேம்ஸ் கடனாளியாகி லண்டன் ஃப்ளீட் சிறையில் இறந்தபின், 1583இல் அந்தச் சொத்து 9,500 பவுண்டுக்கு மகன் வில்லியம் பெயரில் வாங்கப்பட்டது. தகப்பன் இறந்ததும் கைவிட்டுப் போன நிலத்தை ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து விலைகொடுத்து மீட்டார். இந்த ஒரு செயலுக்காக அவரை நான் மனமாரப் போற்றுகிறேன். 1590இல் புதிய மாளிகைக்கு அடிக்கல் இட்டார். ராபர்ட் ஸ்மித்சன் வரைந்த திட்டம். 1597 அக்டோபரில் குடிபுகுந்தார். கோபுரங்களின் உச்சியில் வானத்துக்கு எதிரே நிற்பவை இரண்டே எழுத்துகள், அவருடைய பெயரின் முதலெழுத்தும் ஷ்ரூஸ்பரியின் முதலெழுத்தும். வெறுத்துப் பிரிந்த கணவரின் பட்டத்தை அவர் விடவில்லை.

சுவடிக்கட்டு:

நெய்தல்நிலா அவர்களே, நீங்கள் ஆர்பெல்லாவைப் பற்றிப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பேசாததால் நானே எடுக்கிறேன், ஏனெனில் என் வாதத்துக்கு மிகக் கடினமான இடம் அதுதான்.

ரஃபர்ட் திருமணத்தின் ஒரே குழந்தை ஆர்பெல்லா ஸ்டூவர்ட், 1575இல் பிறந்தாள். அடுத்த ஆண்டே தகப்பன் சார்லஸ் இறந்தார். 1582 சனவரியில் தாய் எலிசபெத்தும் இறந்தார். லெனக்ஸ் பட்டமும் நிலமும் குழந்தைக்குச் சேரவேண்டியவை என்று பெஸ் மன்றாடியும் ஸ்காட்லாந்து மறுத்துவிட்டது. தாய்க்கு அரசி கொடுத்துவந்த ஆண்டு உதவித்தொகை 400 பவுண்டு, குழந்தைக்கு 200. மகள் இறந்தபின் அந்த 400ஐயும் பேத்திக்கே தொடரும்படி பெஸ், அரசியின் முதன்மை அமைச்சரான பர்லி பிரபுவுக்கு எழுதினார், கிடைக்கவில்லை. தகப்பன் இல்லாத குழந்தையின் நிலம் பறிபோவதை அவர் தம் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பார்த்தார்.

அரியணைக்கு உரிமை கோரக்கூடிய பெண் என்பதால் ஆர்பெல்லாவை யாருக்கு மணமுடிப்பது என்பது அரசியின் கையில் இருந்தது. அரசியோ முடிவே செய்யவில்லை. 1592இல், பேத்தியைக் கடத்திச் செல்லச் சதி நடப்பதாக எச்சரிக்கை வந்தபோது பெஸ் எழுதிய மறுமொழியில், ஆர்பெல்லா இரவில் வெளியே உலவுவதில்லை, பகலில் ஏறக்குறைய ஒவ்வொரு மணி நேரமும் தம் கண்ணில் படுகிறாள், தம் படுக்கையறையிலேயே உறங்குகிறாள் என்று தெரிவித்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 16 அல்லது 17. இருபத்தேழு வயதிலும் அவள் அதே காவலில் இருந்தாள். 1602 டிசம்பரில் அவள் ஒரு பணியாளரை ஹெர்ட்ஃபர்ட் பிரபுவிடம் அனுப்பி, அவருடைய பேரனைத் தமக்கு மணமுடிக்கக் கேட்டாள். கேத்தரின் கிரேயின் கணவரான அதே ஹெர்ட்ஃபர்ட். கேட்டதும் கேத்தரினின் பேரனையே. செய்தி அரசிக்குப் போனது. அடுத்த மார்ச்சில் பேரப்பெண்ணைத் தப்பவைக்க ஹென்றி கேவண்டிஷ் ஆட்களோடு வந்து தோற்றுப்போனார். பெஸ் தம் உயிலில் இருவரையும் நீக்கினார்.

1610இல் ஆர்பெல்லா இன்னொரு பேரனான வில்லியம் சீமோரை மறைவாக மணந்தாள், பிரிக்கப்பட்டாள், ஆண்வேடத்தில் தப்பியோடிப் பிடிபட்டாள், 1615 செப்டம்பர் 25 அன்று லண்டன் கோபுரத்தில் இறந்தாள். அவளுக்கு உதவியதற்காகச் சிறைப்பட்டவர்களுள் பெஸ்ஸின் மகள் மேரியும் ஒருவர், பன்னிரண்டு வயதில் ஷெஃபீல்டில் மணமான அதே மேரி. இதை எழுதும்போது, இழையின் தொடக்கத்தில் நான் சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். காப்புரிமையின் கொடுமையை அனுபவித்த பெண்ணே தம் பேத்திக்குக் காப்பாளரானார், அரசின் பெயரால் கதவைப் பூட்டினார். அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், 1602இல் இல்லை, 1574இல் இருந்தது.

நெய்தல்நிலா:

இந்தக் கடைசி வரியை மட்டுமே நான் கேட்டுக்கொண்டிருந்தேன் ஐயா. மற்றவற்றில் உங்களோடு உடன்படுகிறேன். நான் மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: ஜேம்ஸைப் பற்றிச் சொல்லும்போது தோள்கொடுத்து வளர்த்தவர் என்று எழுதிவிட்டேன், அதற்கு ஆதாரமில்லை. தமையன் என்று மட்டும் கொள்ளுங்கள்.

வழக்காடி:

சந்ததியைப் பற்றிச் சுருக்கமாக. சாட்ஸ்வொர்த்தில் தமக்குரிய எதிர்கால உரிமையை ஹென்றி தம்பி வில்லியமுக்கே விற்றார். வில்லியம் 1618இல் டெவன்ஷயரின் முதல் பிரபுவானார்; அவருடைய வழியினர் 1694இல் டியூக் பட்டம் பெற்று இன்றும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள். சார்லஸின் மகன் நியூகாசிலின் டியூக் ஆனார். மூத்த மகள் பிரான்சஸ், பியர்பான்ட் குடும்பத்தில் மணந்து, கிங்ஸ்டன் டியூக்குகளின் மூதாய் ஆனார். மேரியின் மகள் அலத்தியா அருண்டெல் சீமாட்டியாகி, நார்ஃபோக் டியூக் வழியினருக்குத் தாயானார்.

முல்லைத்திணை:

கடைசியாக ஒரு கேள்வி. நான்கு கணவர்களில் யாருடைய பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்?

சுவடிக்கட்டு:

யாருடைய பக்கத்திலும் இல்லை அம்மா. கேவண்டிஷும் செயின்ட் லோவும் லண்டனில் வெவ்வேறு தேவாலயங்களில் இருக்கிறார்கள். ஷ்ரூஸ்பரி பிரபு ஷெஃபீல்டில், தம் குலத்தாரோடு. பெஸ் 1608 பிப்ரவரி 13 அன்று ஹார்ட்விக்கில் இறந்தார். டார்பி நகரின் ஆல் ஹாலோஸ் தேவாலயத்தில், இன்றைய டார்பி பேராலயத்தில், அவருடைய கல்லறை தனியாக இருக்கிறது. யாரும் கட்டித்தருவார்கள் என்று காத்திராமல், இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைத் தம் மேற்பார்வையில் எழுப்பி வைத்திருந்தார்.